ஐசியு நோயாளியின் கதீட்டரில் பயோஃபிலிம்: தடுப்பது, கண்டுபிடிப்பது, கையாள்வது – முழுமையான வழிகாட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் ஒருவர் உடம்பில் எத்தனை குழாய்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் செல்லும் சென்ட்ரல் லைன், மணிக்கட்டில் ஆர்ட்டீரியல் லைன், சிறுநீர்ப்பைக்குள் ஃபோலி கதீட்டர், மூச்சுக்குழாயில் டியூப். இவற்றில் எதுவுமே இல்லாமல் ஐசியு நடக்காது. ஆனால் உடம்புக்குள் போகும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பரப்பும் கிருமிகள் குடியேற ஓர் இடம். நோயாளி எந்த நோய்க்காக வந்தாரோ அதிலிருந்து தேறிக்கொண்டிருக்கும்போது, நாம் போட்ட குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறி அவரை இழப்பது மாதிரி வேதனையான விஷயம் வேறு இல்லை. பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய சாவு அது.

ஐசியு நர்ஸ்கள், புதிதாக டியூட்டியில் சேர்ந்த டாக்டர்கள், முதுநிலை மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். சென்ட்ரல் லைன், ஃபோலி ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழாயின்மேல் கிருமிகள் தாங்களே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக வாழும் படலம்தான் பயோஃபிலிம். அது ஒருமுறை முற்றிவிட்டால் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நம்பி ஒழிப்பது மிகக் கடினம். அதனால் நம் உழைப்பு முழுவதும் மூன்று தருணங்களில் குவிய வேண்டும்: குழாயைப் போடும் நேரம், அதை ஒவ்வொரு முறை திறக்கும் நேரம், எடுத்துவிடலாம் என்று முடிவு செய்யும் நேரம்.

குழாயின் மேல் என்ன நடக்கிறது

கதீட்டர் ரத்தத்துக்குள் போன சில நிமிடங்களிலேயே ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். பாக்டீரியா பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதில்லை, இந்தப் புரதப் பூச்சைத்தான் பிடிக்கிறது. ஆரம்பத்தில் பிடி தளர்வாக இருக்கும். அப்புறம் அது சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செல்லுக்கு வெளியே கொட்டிய டிஎன்ஏ எல்லாம் கலந்த பிசின் ஒன்றைச் சுரக்கத் தொடங்கும். அந்தப் பிசினுக்குள்ளேயே பெருகி, ரசாயனச் சமிக்ஞைகள் மூலம் தங்கள் எண்ணிக்கையை உணர்ந்து, கூட்டமாக நடந்துகொள்ளும். குளத்துப் படிக்கட்டில் பாசி படர்வது மாதிரிதான். மேலே தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் பாசி போகாது. படலம் முற்றியதும் துண்டுகள் பிய்ந்து ரத்தத்தில் கலக்கும். அப்போதுதான் நமக்குக் காய்ச்சலாக, நடுக்கமாக, இறங்கும் ரத்த அழுத்தமாகத் தெரியவரும்.

1680-களில் நுண்ணோக்கி முன்னோடி லீவன்ஹூக் தன் பல்லைச் சுரண்டிப் பார்த்தபோது கண்ட உயிரிகள் இப்படி ஒரு படலத்தில் வாழ்ந்தவைதான். ஆனாலும் பாக்டீரியா எப்படி ஒட்டி வாழ்கிறது என்பதை மருத்துவ உலகம் கவனிக்க, 1978-இல் நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும் எழுதவேண்டியிருந்தது.

மருந்து ஏன் எடுபடுவதில்லை? பிசின் அடுக்கு சில மருந்துகளைத் தாமதப்படுத்துகிறது. ஆழத்தில் ஆக்சிஜனும் உணவும் குறைவு என்பதால் அங்குள்ள பாக்டீரியா கிட்டத்தட்ட உறக்கத்தில் இருக்கும். வளரும் செல்லைத் தாக்கவே பல ஆன்டிபயாட்டிக்குகள் உருவாக்கப்பட்டவை, வளராத செல்லை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. இதனால் படலத்திலுள்ள பாக்டீரியாவைக் கொல்ல, மிதந்து திரியும் அதே பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப் போல 10 முதல் 1,000 மடங்கு வரை அதிக மருந்து தேவைப்படலாம். லேப் ரிப்போர்ட்டில் ‘சென்சிட்டிவ்’ (மருந்துக்குக் கட்டுப்படும்) என்று வருவது மிதக்கும் பாக்டீரியாவுக்கான பரிசோதனை முடிவு என்பதை நினைவில் வையுங்கள். ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும், மருந்தும் சரியாகத்தான் இருக்கும். குழாய் உள்ளேயே இருப்பதால் மருந்தை நிறுத்திய சில நாளில் காய்ச்சல் திரும்பி வரும்.

யார் யார் இந்தக் கிருமிகள்? சென்ட்ரல் லைனில் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், அதன் ஆபத்தான உறவினரான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா பூஞ்சைகள். இந்திய ஐசியுக்களில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் ஆகியவற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஃபோலியில் ஈ. கோலை, என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், கேண்டிடா, அப்புறம் புரோட்டியஸ் மிராபிலிஸ்.

புரோட்டியஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதனிடம் யூரியேஸ் என்ற என்சைம் இருக்கிறது. சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடையும், மெக்னீசியம், கால்சியம் பாஸ்பேட் உப்புகள் படிகமாக இறங்கும். இப்படி அடைத்துப்போன ஃபோலியை எடுத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தால், பலூனுக்கு மேலே, சிறுநீர் உள்ளே நுழையும் அந்தச் சின்னக் கண்ணைச் சுற்றி, ஈர மணல் அப்பியது போலப் பழுப்பு வெள்ளையில் ஒரு ஓடு இருக்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். அதற்குள்தான் படலம் வாழ்கிறது. யூரின் அவுட்புட் திடீரென்று குறைந்தால் சிறுநீரகத்தை மட்டும் சந்தேகிக்காமல் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 1: இந்தக் குழாய் தேவையா?

போடாத குழாயில் படலம் உருவாகாது. ஃபோலி இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் குடியேறியிருக்கும்.

ஃபோலி போட நியாயமான காரணங்கள் குறைவு: மணிக்கொருமுறை சிறுநீரை அளந்துதான் சிகிச்சையை மாற்றவேண்டிய நிலை, சிறுநீர் அடைப்பு, சில அறுவை சிகிச்சைகள், புட்டத்திலோ பிறப்புறுப்பருகிலோ ஆறாத புண் நனையாமல் காப்பது, கடைசி நாட்களில் நோயாளியின் சௌகரியம். ‘நினைவில்லை’, ‘பெட்ஷீட் நனைகிறது’ என்பவை காரணங்கள் ஆகாது. ஆண்களுக்கு காண்டம் கதீட்டர் போடலாம். தேவைப்படும்போது மட்டும் வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையும் பலருக்குப் பொருந்தும்.

சென்ட்ரல் லைனுக்கும் இதே கேள்விதான். போடத்தான் வேண்டும் என்றால், தேவைக்கு மேல் லூமன் (குழாய்க்குள் ஓடும் தனித்தனி வழி) உள்ளதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு லூமனும் கூடுதலாக ஒரு வாசல்.

படி 2: சென்ட்ரல் லைன் போடும்போது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் ஐசியுக்களில் பீட்டர் புரோனோவோஸ்ட்டின் குழு செய்த வேலை 2006-இல் வெளியானது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. கை கழுவுதல், முழு ஸ்டெரைல் மறைப்பு, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்தல், முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்துவிடுதல் என்ற ஐந்தே விஷயங்கள். 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, பதினெட்டாம் மாத வாக்கில் 1.4 ஆகிவிட்டது. அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. விதி மீறப்பட்டால், அவசரம் இல்லாத பட்சத்தில், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம். என் பார்வையில் ஐந்து விதிகளுக்கு உயிர் கொடுத்ததே அதுதான். ‘சார், படுக்கையில் கை பட்டுவிட்டது, கிளவுஸ் மாத்திக்கிடுங்க’ என்று ஒரு சிஸ்டர் பயமில்லாமல் சொல்லமுடியாத ஐசியுவில் செக்லிஸ்ட் வெறும் காகிதம்.

நடைமுறைக்கு வருவோம். தேவையான எல்லாவற்றையும் ஒரே டிராலியில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பாதியில் ‘ஹெப்பரின் எடுத்துட்டு வாங்க’ என்று கதவு திறந்து மூடுவதெல்லாம் ஸ்டெரைல் சூழலைக் கெடுக்கும். போடுபவருக்குத் தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், ஸ்டெரைல் கிளவுஸ் வேண்டும். நோயாளியைத் தலை முதல் கால் வரை மூடும் டிரேப் வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட சின்னத் துணி போதாது, ஏனெனில் குழாயை வழிநடத்தும் நீளமான கம்பியான கைடுவயர் அந்தத் துணியைத் தாண்டிப் படுக்கையைத் தொட்டுவிடும்.

தோலுக்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 70 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் கலந்தது நல்லது. முப்பது விநாடி முன்னும் பின்னும் தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். ஊதுவது, விசிறுவது, பஞ்சால் ஒற்றி எடுப்பது எல்லாம் செய்த வேலையைக் கெடுப்பவை. குளோர்ஹெக்சிடினுக்குக் கடுமையான ஒவ்வாமை அரிதாக வரும் என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைகளின் தோலில் இதைப் பயன்படுத்துவதில் தனிக் கவனம் தேவை.

தொற்றை மட்டும் பார்த்தால் காறை எலும்புக்குக் கீழுள்ள சப்கிளேவியன் நல்ல இடம். ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசியும் ஆபத்து அங்கே அதிகம். டயாலிசிஸ் தேவைப்படும் நோயாளிக்கு அந்த நரம்பு சுருங்கினால் பின்னால் பெரிய இழப்பு, அதனால் அவர்களுக்குத் தவிர்ப்பார்கள். எங்கே போட்டாலும் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டால் குத்தும் தடவை குறையும்.

அவசரத்தில் அரைகுறைச் சுத்தத்தோடு போட்ட லைன் என்றால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு முறையாக வேறு இடத்தில் போடுங்கள்.

படி 3: தினமும், ஒவ்வொரு முறையும் – ஹப்

முதல் சில நாட்களில் கிருமி பெரும்பாலும் தோலிலிருந்து குழாயின் வெளிப்பக்கம் வழியாக இறங்கும். நாள் ஆக ஆக, சிரிஞ்சும் டியூபிங்கும் மாட்டும் வாயான ஹப் வழியாக உட்பக்கத்தில் இறங்குவது அதிகமாகும். ஐசியுவில் ஒரு லைனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறோம் என்று யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை.

லைனின் முனையில் மாட்டும் மூன்று வாய்த் திருப்பியான த்ரீ-வே ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூடியைக் கழற்றினால் திருகு மரை தெரியும். அந்த மரைக்குள், ரத்தம் எடுத்த பிறகு சரியாக ஃபிளஷ் செய்யாமல் (சலைன் செலுத்தி அலசாமல்) விட்ட ஒரு துளி காய்ந்து கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல உணவு கிடையாது. மேலோட்டமாக ஸ்பிரிட் பஞ்சை ஒரு சுற்று சுற்றினால் பஞ்சு அந்த மரையைத் தொடுவதே இல்லை. பஞ்சை ஹப்பின் வாயில் அழுத்தி, பழம் பிழிவது போல் திருகி, மரைகளோடு சேர்த்து 15 விநாடி தேய்க்க வேண்டும். அப்புறம் காயவிட வேண்டும், பிறகுதான் சிரிஞ்ச். ஆல்கஹாலோ ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினோ எதுவானாலும் சரி, தேய்ப்புதான் முக்கியம். இதற்கு முன் கை சுத்தம். கிளவுஸ் போட்டிருப்பது கை கழுவியதற்கு ஈடாகாது.

நைட் டியூட்டியில் ஒரு சிஸ்டருக்கு மூன்று நோயாளிகள் என்றால், 15 விநாடி நீளமாகத்தான் தெரியும். அந்தச் சுமை எனக்குப் புரிகிறது. அதனால்தான் நிர்வாகத்திடம் ஆள் கேட்பதும் தொற்றுத் தடுப்பு வேலைதான் என்கிறேன். அதோடு திறக்கும் தடவையையே குறைக்கலாம். காலை ரத்தப் பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து எடுங்கள். வாய்வழி கொடுக்கக்கூடிய மருந்துக்கு மாறுங்கள். சத்துக் கரைசல் ஓடும் லூமனை வேறு எதற்கும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

டிரஸ்ஸிங் ஒளி ஊடுருவும் வகையானால் 7 நாளைக்கு ஒருமுறை, காஸ் துணி வைத்ததானால் 2 நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். ஓரம் பிரிந்தாலோ, நனைந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தேதி பார்க்காமல் உடனே மாற்றவேண்டும். ரத்தம், கொழுப்புக் கரைசல் ஓடிய டியூபிங்கை 24 மணி நேரத்துக்குள்ளும், மயக்க மருந்தான புரோபோஃபால் ஓடியதை 6 முதல் 12 மணி நேரத்துக்குள்ளும் மாற்றுங்கள். மற்ற தொடர் இன்ஃபியூஷன் செட்டுகளை 96 மணி நேரத்துக்கு முன் மாற்றத் தேவையில்லை. அடிக்கடி மாற்றினால் அடிக்கடி திறக்கிறோம் என்றுதான் அர்த்தம். பெரியவர்களுக்குக் குளோர்ஹெக்சிடின் துணியால் தினமும் உடம்பு துடைப்பது உதவும்.

இத்தனை நாளாயிற்று என்று நல்ல லைனைக் கணக்கு வைத்து மாற்றுவது தேவையற்ற வேலை. தொற்று இருக்கிற லைனில் கைடுவயர் விட்டு அதே துளையில் புதியது போடுவதும் தவறு. பழைய படலத்தைத் தாண்டிப் புதுக் குழாயை உள்ளே அனுப்புகிறோம்.

படி 4: ஃபோலி பராமரிப்பு

கிருமிநீக்கிய முறையில், பொருந்தக்கூடிய மிகச் சிறிய அளவில் போட்டு, இழுபடாமல் தொடையில் ஒட்டி வையுங்கள். குழாயும் யூரோ பேக்கும் சேரும் இடத்தைப் பிரிக்காதீர்கள். மூடிய அமைப்பு மூடியே இருக்கட்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கவேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. சிடி ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பையில் தேங்கிய சிறுநீர் நேராகத் திரும்பி உள்ளே போகும். கிளம்புமுன் பையைக் காலி செய்து, ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டில் தாழத் தொங்கவிட அட்டெண்டருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

காலி செய்யும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் குவளை வேண்டும். ஒரே ஜக்கை எல்லாக் கட்டிலுக்கும் எடுத்துச் சென்றால் ஒருவரின் கிளெப்சியெல்லா வார்டு முழுக்கப் போகும். பிறப்புறுப்பைச் சோப்பு, தண்ணீரால் தினமும் கழுவினால் போதுமானது. ஆன்டிபயாட்டிக்கால் சிறுநீர்ப்பையை அலசுவது, தடுப்புக்கென்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். வெள்ளி பூசிய ஃபோலி பற்றிக் கேட்பார்கள். பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2012-இல் வெளியான ஆய்வில் குறுகிய காலப் பயன்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன.

படி 5: காய்ச்சல் வந்துவிட்டது. குழாய்தான் காரணமா?

லைன் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. லைனை ஃபிளஷ் செய்த சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் பலமாகச் சந்தேகியுங்கள்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ஒரே நேரத்தில் லைன் ஹப்பிலிருந்து ஒரு செட், கை நரம்பிலிருந்து ஒரு செட் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) எடுங்கள். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 10 மி.லி. வரை, இரண்டிலும் சம அளவு. எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு என்று பாட்டிலில் எழுதாவிட்டால் மொத்த முயற்சியும் வீண். ஒரே கிருமி இரண்டிலும் வளர்ந்து, லைன் பாட்டில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு பாசிட்டிவ் ஆனால், மூலம் லைன்தான் என்று கொள்ளலாம். உள்ளே கிருமி அடர்த்தி அதிகம் என்பதால்தான் அது முந்துகிறது. லைனை எடுத்தீர்களானால், சந்தேகம் இருக்கும்போது மட்டும் நுனி 5 செ.மீ.-ஐ வெட்டி அனுப்பலாம். கல்ச்சர் தட்டில் நுனியை உருட்டும் முறையில் 15 கிருமிக் காலனிக்கு மேல் வந்தால் அர்த்தமுள்ளது. எடுக்கும் எல்லா லைனின் நுனியையும் அனுப்பவேண்டியதில்லை. ஃபோலி நுனியை எப்போதுமே அனுப்பவேண்டாம்.

ஒரே ஒரு பாட்டிலில் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வந்தால் தோலிலிருந்து கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ கேண்டிடாவோ ஒரே பாட்டிலில் வந்தாலும் தள்ளிவிடக்கூடாது.

சிறுநீரில்தான் நிறையப் பேர் சறுக்குவது. ஃபோலி உள்ளவரின் சிறுநீர் கலங்கியிருக்கும், நாறும், சீழ் அணுக்கள் இருக்கும், கல்ச்சரில் ஏதாவது வளரும். அறிகுறி இல்லாவிட்டால் இவை எதுவும் தொற்று ஆகாது. கர்ப்பிணிகளையும், ரத்தம் கசியக்கூடிய சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களையும் விட்டால், அறிகுறி இல்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பது எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமிகளை வளர்க்கும் வேலை. கேண்டிடா வளர்ந்தாலும் பெரும்பாலும் முதல் சிகிச்சை குழாயை எடுப்பதுதான். அதனால் காய்ச்சல் என்றவுடன் யோசிக்காமல் யூரின் கல்ச்சர் அனுப்பாதீர்கள். அனுப்பினால் சாம்பிள் போர்ட்டிலிருந்து எடுங்கள், பையிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த ஃபோலி, இன்னும் தேவை என்றால், அதை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து சாம்பிள் எடுங்கள். இல்லையென்றால் குழாயில் குடியிருப்பதைத்தான் லேப் சொல்லும், சிறுநீர்ப்பையில் இருப்பதைச் சொல்லாது.

படி 6: லைன் தொற்று உறுதி

குறுகியகாலச் சென்ட்ரல் லைனில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிராம் நெகட்டிவ் பாக்டீரியா (கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவை), என்டரோகாக்கஸ், கேண்டிடா இருந்தால் லைனை எடுத்துவிடுங்கள். நோயாளி ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருந்தாலும், மருந்து தொடங்கியும் கல்ச்சர் பாசிட்டிவ் ஆகவே வந்தாலும் எடுக்கவேண்டும். ‘வேறு நரம்பு கிடைக்காது’ என்ற தயக்கம் இயல்பு. ஆனால் தொற்றைத் தினமும் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும் குழாயை வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது நோயாளியின் நாட்களைத் தின்றுவிடும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்த்து இதய வால்வைச் சோதிக்கவேண்டும், குறைந்தது 14 நாள் மருந்து, சிக்கல் இருந்தால் 4 முதல் 6 வாரம். கேண்டிடா என்றால் கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து 14 நாள், கண் பரிசோதனையும் உண்டு. கேண்டிடாவின் படலத்தில் ஃபுளூகோனசோல் பலவீனமானது, எக்கினோகேண்டின் வகை மருந்துகள் மேல்.

எடுக்கவே முடியாத நீண்டகால லைனில், எபிடெர்மிடிஸ் போன்ற வீரியம் குறைந்த கிருமி என்றால், லாக் சிகிச்சையை முயலலாம். அடர்த்தியான ஆன்டிபயாட்டிக்கை லூமனுக்குள் நிரப்பிப் பல மணி நேரம் அப்படியே விடுவது, கூடவே ரத்தத்திலும் மருந்து, 10 முதல் 14 நாள். இதைத் தொற்று நோய் நிபுணரோடு பேசி முடிவு செய்யவேண்டும்.

உங்கள் ஐசியுவின் கணக்கையும் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைன், எத்தனை பேருக்கு ஃபோலி என்று எண்ணி எழுதி, மாதக் கடைசியில் தொற்று எண்ணிக்கையை லைன் நாட்களால் (தினமும் எண்ணியதன் கூட்டுத்தொகை) வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். அதை நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

படி 7: எடுப்பது

காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் சத்தமாகக் கேளுங்கள்: இந்த லைன் இன்றைக்கு எதற்கு? ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து நின்று இரண்டு நாளாகி, வெறும் சலைன் மட்டும் ஓடும் லைனுக்கு ‘இருக்கட்டும் சார், எதுக்கும் வேணும்’ என்று பதில் வந்தால், கையில் சாதாரண ஊசி போட்டுவிட்டு அதை எடுத்துவிடலாம். குடும்பத்தார் இதே கேள்வியைக் கேட்டாலும் கோபப்படாதீர்கள். அம்மாவுக்கு யூரின் டியூப் இன்னும் வேணுமா சிஸ்டர் என்று கேட்பது அவர்கள் உரிமை.

கழுத்து லைனை எடுக்கும்போது நோயாளியைத் தட்டையாகவோ தலை சற்றுத் தாழ்வாகவோ படுக்க வையுங்கள். முடிந்தவர்கள் மூச்சை வெளியே விட்டு நிறுத்தும்போது இழுங்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்தால் காற்று ரத்தத்துக்குள் உறிஞ்சப்படலாம். ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத டிரஸ்ஸிங் போட்டு, அரை மணி நேரம் படுக்க வைத்து, குழாய் முழுசாக வந்திருக்கிறதா என்று நுனியைப் பாருங்கள். ஃபோலியில் பலூன் தண்ணீர் முழுதும் திரும்பி வந்தபின் மெதுவாக எடுக்கவேண்டும். படிகம் படிந்து சிக்கினால் பலமாக இழுக்காமல் யூராலஜிஸ்டைக் கூப்பிடுங்கள். எடுத்தபின் 4 முதல் 6 மணி நேரத்தில் சிறுநீர் போகிறதா என்று பார்த்து, போகாவிட்டால் சிறுநீர்ப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்து, தேவையான அளவுக்கு ஒருமுறை வடித்துவிட்டு மறுபடி காத்திருங்கள். உடனே இன்னொரு ஃபோலியைப் போட்டுவிடாதீர்கள்.